மெழுகில் நின்ற வாக்கு

1215ஆம் ஆண்டு ஜூன் மாதம், லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ரன்னிமீட் புல்வெளியில் இங்கிலாந்து மன்னர் ஜானும் அவரை எதிர்த்து ஆயுதம் எடுத்த பிரபுக்களும் கூடினார்கள். மாக்னா கார்ட்டா என்ற மகாசாசனம் பிறந்தது அங்கேதான். பிற்கால ஓவியங்கள் பலவற்றில் ஜான் இறகுப் பேனாவோடு உட்கார்ந்து அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அந்த ஆண்டில் எழுதப்பட்டு இன்றுவரை தப்பியிருக்கும் நான்கு படிகளையும் வரிவரியாகப் பார்த்தாலும் கையெழுத்து என்று ஒன்று கிடையாது. மன்னருடையதும் இல்லை, பிரபுக்களுடையதும் இல்லை.

ஜானுக்கு எழுத்து தெரியாது என்று காரணம் சொல்லிவிட முடியாது. அவர் நூல்கள் வைத்திருந்தவர். 1208இல் ரெடிங் மடாலயத்திலிருந்து அவருக்கு நூல்கள் வந்து சேர்ந்ததற்குக் குறிப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் பத்திரத்துக்கு உயிர் கொடுத்தது, அதன் அடியில் தொங்கிய மெழுகு வட்டம்தான். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இரண்டு படிகளில் ஒன்றில் மன்னரின் முத்திரை இன்னமும் இருக்கிறது. 1731இல் நடந்த தீ விபத்தில் உருகி, உருவம் எதுவும் தெரியாத கட்டியாகிவிட்டது.

இங்கேதான் புதிர். மெழுகு உருகும், உடையும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படிப்பட்ட பொருளை நம்பி நிலமும் கோட்டையும் சீதனமும் நூற்றாண்டுக் கணக்கில் கைமாறின. இன்னாருடைய வாக்குத்தான் இது என்று, அவர் முகத்தையே பார்த்திராத ஒருவர் 200 மைல் தள்ளி இருந்துகொண்டு எப்படி நம்பினார்? இதை ஆராய்வதற்கென்றே முத்திரையியல் என்று ஒரு துறை இருக்கிறது. வரலாறு, வேதியியல், சட்டம், தடயவியல் எல்லாம் அதில் கலந்து வருகின்றன.

முதலில் கருவியைப் பார்ப்போம். உலோகத்தில் குடைந்து செதுக்கியதை முத்திரை அச்சு என்றும், அதை மெழுகில் அழுத்தும்போது எழும் உருவத்தைப் பதிவு என்றும் பிரித்துச் சொல்வது ஆய்வாளர் வழக்கம். அச்சு உடையவரின் காவலிலேயே இருக்கும். பதிவுகள் அவர் கொடுத்த பத்திரங்களோடு ஊர் ஊராகப் போகும். அச்சு பெரும்பாலும் செம்புக் கலவையில் செய்யப்பட்டது. ஏழைகள் ஈயத்தில் செய்துகொண்டார்கள். பெரும் பிரபுக்களுக்கு வெள்ளி.

அப்படி ஒரு வெள்ளி அச்சு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராபர்ட் ஃபிட்ஸ்வால்டர் என்ற பிரபுவுடையது. ரன்னிமீடில் ஜானை எதிர்த்து நின்ற கூட்டத்துக்குத் தலைவர் இவர்தான். ‘இறைவனின் படைக்கும் திருச்சபைக்கும் மார்ஷல்’ என்று தம்மை அழைத்துக்கொண்டவர். அச்சு லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபோர்டில் 17ஆம் நூற்றாண்டில், இரண்டாம் சார்லஸ் ஆட்சியின்போது கிடைத்தது. குறுக்களவு ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்தச் சிறிய வட்டத்துக்குள் ஒரு போர்க்குதிரை பாய்ந்து வருகிறது. அதன் மேல் போர்வை போர்த்தியிருக்கிறது. வீரர் வாளை ஓங்கியிருக்கிறார். குதிரையின் காலடியில் ஒரு டிராகன். குதிரைக்கு முன்னால், யாரும் பிடிக்காமல் தனியாக ஒரு கேடயம். விளிம்பைச் சுற்றி லத்தீன் எழுத்துகள்: ‘வால்டரின் மகன் ராபர்ட்டின் முத்திரை’.

செதுக்கியவரின் கைத்திறனை நினைத்துப் பார்க்க வேண்டும். மெழுகில் மேடாகத் தெரிய வேண்டியதை அவர் பள்ளமாகக் குடைய வேண்டும். குதிரையின் வயிறு எவ்வளவு புடைக்க வேண்டுமோ அவ்வளவு ஆழம் போக வேண்டும். எல்லாமே இடவலம் மாறி இருக்க வேண்டும். எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். இதைப் பெரும்பாலும் பொற்கொல்லர்கள் செய்தார்கள். ஒரு கோடு தவறிப்போனாலும் அது அந்தப் பிரபுவின் ஒவ்வொரு பத்திரத்திலும் ஆயுள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். போலி செய்ய நினைப்பவருக்கு முதல் தடையும் இதுதான். உளி போன போக்கில் விழுந்த நூற்றுக்கணக்கான நுண்கோடுகளை இன்னொருவர் கையால் அப்படியே மறுபடி வெட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

அந்த அச்சில் இன்னொன்றையும் கவனிக்கலாம். வீரரின் முகம் தெரியவில்லை. தட்டையான தலைக்கவசம் முகத்தை மூடியிருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்ட வேண்டிய கருவியில் முகமே இல்லை! அப்படியானால் இவர் ராபர்ட் என்பதை எது சொல்கிறது? விளிம்பில் உள்ள பெயர் சொல்கிறது. ஆனால் லத்தீன் படிக்கத் தெரியாதவருக்கும் அது தெரிந்தாக வேண்டும். அந்த வேலையைக் குலச்சின்னம் செய்தது. கேடயத்திலும் குதிரைப் போர்வையிலும் நடுவில் ஒரு குறுக்குப்பட்டை, அதன் மேலும் கீழும் கூரை முகடுபோல் உச்சியில் சேரும் பட்டை ஒவ்வொன்று. ராணுவத்தில் ஹவில்தார்கள் கையில் அணியும் பட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் வரும் வடிவம்தான் இந்த முகட்டுப் பட்டை.

இந்த முகட்டுப் பட்டை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் மெழுகிலேயே எழுதியிருப்பது தெரியவரும்.

சஃபோக் பகுதியில் கிளேர் என்று ஓர் ஊர். அங்கே கோட்டை கட்டி வாழ்ந்த நார்மன் குடும்பத்துக்கு அந்த ஊர்ப்பெயரே குடும்பப்பெயரானது. 1140களை ஒட்டி ஹெர்ட்ஃபோர்டின் கோமானாக இருந்த கில்பர்ட் டி கிளேரின் முத்திரையில் குதிரைவீரரின் கேடயம் முழுக்க முகட்டுப் பட்டைகள். அதே குடும்பத்தில் பிறந்து லிங்கன் கோமாட்டியான ரோஹீஸின் 1156 வாக்கைச் சேர்ந்த முத்திரையிலும் பட்டைகள் நிறைந்திருக்கின்றன. இந்தக் காலகட்டத்தில் பட்டை எத்தனை என்ற கணக்கு இல்லை. இடம் இருக்கும் அளவுக்கு வரைந்தார்கள். பிற்கால முத்திரைகளுக்கு வந்தால் மூன்றே பட்டைகள். பொன்னிறப் புலத்தில் சிவப்புப் பட்டை மூன்று என்பது கிளேர் குடும்பத்தின் நிலையான சின்னமாகிவிடுகிறது. அலங்காரமாகத் தொடங்கிய ஒன்று இலக்கணம் உள்ள குறியீடாக மாறியதை ஆண்டு குறித்த பத்திரங்களில் தொங்கும் முத்திரைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கண்ணால் காணலாம். குலச்சின்னங்கள் 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியில் தோன்றின என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கு முத்திரைகள்தான் முதன்மைச் சான்று. கேடயங்கள் மக்கிவிட்டன, போர்த்திய துணிகள் போய்விட்டன. மெழுகு இருக்கிறது.

ராபர்ட் ஃபிட்ஸ்வால்டர் இந்தக் கிளேர் குடும்பத்தின் இளைய கிளையில் வந்தவர். அவர் தாத்தா கிளேர் வீட்டு இளைய மகன்களில் ஒருவர். மூத்த கிளையின் மூன்று முகட்டுப் பட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் போர்க்களத்திலும் பத்திரத்திலும் குழப்பம் வரும். முற்றிலும் வேறொன்றை எடுத்துக்கொண்டால் குடும்பத் தொடர்பு மறைந்துபோகும். எனவே நிறங்கள் அதே பொன்னும் சிவப்பும். மூன்று பட்டைகளில் நடுப்பட்டை மட்டும் நேர்க்குறுக்காக மாறியது. ஒரே ஒரு கோடு மடங்காமல் நின்றதில், இவர் கிளேர் ரத்தம் என்பதும் ஆனால் மூத்த கிளை இல்லை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. கிளைவேறுபாடு என்று இதைச் சொல்லலாம். நடுக்கால ஐரோப்பாவின் பிரபுக் குடும்பங்கள் தங்கள் வம்சாவளியை இப்படித்தான் மார்பிலும் மெழுகிலும் சுமந்தார்கள்.

அந்த அச்சில் தனியாக நிற்கும் கேடயம் இன்னும் சுவாரசியமானது. அதில் உள்ளீடற்ற சாய்சதுரங்கள் ஏழு. அது ராபர்ட்டின் சின்னமே இல்லை. வின்செஸ்டர் கோமான் சேயர் டி குவின்சியின் சின்னம். சேயரின் முத்திரையைப் பார்த்தால் அங்கே ராபர்ட்டின் கேடயம் இருக்கிறது. இருவரும் போர்த்தோழர்கள். 1203இல் நார்மண்டியில் வோத்ரெய் கோட்டையைச் சேர்ந்து காத்தவர்கள். சண்டையில்லாமல் பிரெஞ்சு மன்னரிடம் ஒப்படைத்துச் சேர்ந்தே பழிக்கும் ஆளானவர்கள். பின்னர் மகாசாசனத்தை மன்னர் மீறாமல் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்ட 25 பேரிலும் இருவரும் இருந்தார்கள். ஒருவர் தன் சட்டபூர்வ அடையாளத்துக்குள்ளேயே நண்பருக்கு இடம் கொடுத்திருக்கிறார். எந்த வரலாற்று நூலும் இந்த நட்பை இவ்வளவு அழுத்தமாகப் பதிவு செய்யவில்லை. இந்தக் கேடயம் அச்சின் காலத்தைக் கணிக்கவும் உதவுகிறது. சேயர் கோமானானது 1207இல். 1219இல் சிலுவைப் போரில் எகிப்தின் டமியெட்டாவில் இறந்தார். நாடுவிட்டு ஓடியிருந்த ராபர்ட்டுக்கு நிலங்கள் திரும்பக் கிடைத்தது 1213இல். அருங்காட்சியகம் இந்த அச்சை 1213க்கும் 1219க்கும் இடைப்பட்டது என்று குறிப்பதை இந்த வாழ்க்கைக் குறிப்புகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி மெழுகு. தமிழ்நாட்டில் பத்திரத்துக்கும் தேர்தல் பெட்டிக்கும் வைக்கும் சீல் அரக்கினால் ஆனது. பூச்சி சுரக்கும் அந்தப் பிசின் இந்தியாவிலிருந்து போய் ஐரோப்பிய முத்திரைகளில் இடம் பிடித்தது 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அங்கே எல்லாமே தேன்மெழுகு. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணங்கள் உண்டு. தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் உடல் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். வெந்நீரிலோ அடுப்பருகிலோ சற்று வாட்டிக் கையால் பிசைந்தால் அச்சின் மயிரிழைக் கோடுவரை உள்வாங்கிக்கொள்ளும். ஆறியதும் பிடித்த வடிவத்தை விடாது. அதன் மூலக்கூறுகள் நீண்ட கொழுப்புச் சங்கிலிகள். நீரில் கரையாது, நுண்ணுயிர்களும் எளிதில் தின்ன முடியாது. ஈரமான கல் மடாலயங்களில் 800 ஆண்டுகள் கிடந்தும் இத்தனை முத்திரைகள் பிழைத்திருப்பதற்கு இந்த வேதியியல்தான் காரணம். மெழுகு மட்டும் போட்டால் மிருதுவாக இருக்கும் என்பதால் ஊசியிலை மரங்களின் பிசினைக் கலந்து இறுக்கினார்கள். சிவப்பு வேண்டுமானால் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிந்தூரம். பச்சை வேண்டுமானால் செம்பில் பூக்கும் களிம்பு.

முத்திரையை ஒட்டிய முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தோல் பத்திரத்தின் அடிப்பகுதியை மடித்து, மடிப்பில் கீறல் போட்டு, அதன் வழியாக ஒரு தோல் நாடாவைக் கோப்பார்கள். மதிப்பு வாய்ந்த பத்திரமென்றால் பட்டு நூல். நாடாவின் இரு முனைகளும் மெழுகுக் கட்டியின் உள்ளே புதையும்படி வைத்துத்தான் அச்சை அழுத்துவார்கள். மெழுகை உடைக்காமல் நாடாவை உருவ முடியாது. நாடாவை அறுக்காமல் பத்திரத்திலிருந்து முத்திரையைப் பிரிக்க முடியாது. பசை ஒட்டிய காகித உறைகள் வருவதற்கு முந்தைய காலத்தில், ‘யாரோ கைவைத்திருக்கிறார்கள்’ என்பதைத் தானாகவே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இது. தொங்கும் முத்திரைக்கு இரண்டு முகங்கள் கிடைப்பதால் பின்பக்கத்தில் சிறியதாக இன்னோர் அச்சையும் பதிப்பது உண்டு. அது எதிர்முத்திரை. பெரிய அச்சு பெட்டியில் அதிகாரியின் காவலில் இருக்கும். சிறியதைப் பிரபு தன்னோடு வைத்திருப்பார். இரண்டும் ஒரே மெழுகில் விழுந்தால், அதிகாரிக்கும் தெரியும், ஆண்டைக்கும் தெரியும் என்று பொருள். எதிர்முத்திரைக்குப் பழைய ரோமானியர்கள் செதுக்கிய மணிக்கற்களைத் தேடிப் பதித்துக்கொண்டவர்கள் பலர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லை யார் போலி செய்ய முடியும்?

போலிகள் நடக்கத்தான் செய்தன. அரசர்கள் பெயரில் மடாலயங்களே கள்ளப் பத்திரம் எழுதியிருக்கின்றன. தங்களுக்கு உண்மையிலேயே சொந்தமான நிலத்துக்குப் பழைய காலத்தில் எழுத்து மூலமான ஆதாரம் இல்லாமல் போனதால், பின்னாளில் அதை ‘உண்டாக்கிய’ துறவிகள் பலர். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம் எட்வர்ட் மன்னர் பெயரில் தயாரித்த பத்திரங்கள் இதற்குப் பேர்போனவை. 1198இல் பதவிக்கு வந்த போப் மூன்றாம் இன்னொசென்ட், தம் பெயரில் உலவிய கள்ள மடல்களைக் கண்டு, எந்தெந்த வழியில் போலி செய்கிறார்கள் என்பதை விவரித்தே எழுதினார். மெய்யான முத்திரையை ஒரு மடலிலிருந்து கழற்றி வேறொன்றில் கோத்துவிடுவது அவற்றில் ஒன்று. அதாவது அச்சைப் போலி செய்வதைவிடப் பதிவைத் திருடுவது எளிது என்பதை அன்றே கண்டுகொண்டிருந்தார்கள்.

நீதிமன்றத்தில் சந்தேகம் எழுந்தால் என்ன செய்தார்கள்? 1188 வாக்கில் எழுதப்பட்டு கிளான்வில் பெயரால் வழங்கும் இங்கிலாந்தின் சட்ட நூல் இதற்கு வழி சொல்கிறது. ‘இது என் முத்திரையே இல்லை’ என்று ஒருவர் மறுத்தால், அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேறு பத்திரங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். முத்திரையின் உண்மையான பலம் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பதை இந்த ஒரு விதியே காட்டிவிடுகிறது. தனியாக ஒரு மெழுகு வட்டம் எதையும் நிரூபிக்காது. அதே அச்சில் விழுந்த பதிவுகள் பக்கத்து மடாலயப் பெட்டியிலும் உறவினர் வீட்டிலும் அரசுக் கருவூலத்திலும் கிடக்கின்றன என்பதால்தான் அதற்கு மதிப்பு. பெரிய குடும்பங்களுக்குப் பத்திரங்கள் அதிகம். ஆகவே அவர்கள் முத்திரையை ஊரே அறியும். ஆகவே ஏமாற்றுவது கடினம்.

அதே நூலில் இன்னொரு விதி. ‘முத்திரை என்னுடையதுதான், ஆனால் இந்தப் பத்திரத்தை நான் கொடுக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது செல்லாது. முத்திரையைச் சரியாகக் காவல் செய்யாதது அவர் குற்றம்; பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தும். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பணம் போனபின் வங்கியிடம் போய் நின்றால் என்ன பதில் கிடைக்குமோ அதே பதில். இந்த விதியின் அச்சத்தால்தான் முத்திரை தொலைந்தால் அதை ஊரறியச் சொன்னார்கள். அரசர் இறந்தால் அவர் அச்சை உடைத்தார்கள். பிரான்சின் அரசி இசபெல் 1190இல் பிரசவத்தில் இறந்தபோது அவருடைய வெள்ளி அச்சைக் கல்லறைக்குள் அவரோடேயே வைத்துவிட்டார்கள். 1858இல் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் அந்தக் கல்லறையைத் திறந்தபோது அச்சு முழுதாக வெளியே வந்தது. இன்று அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

இசபெல்லின் அச்சு வட்டமாக இருக்காது. மேலும் கீழும் கூர்ந்த நீள்வட்டம். பெருங்குடிப் பெண்களும் திருச்சபையினரும் இந்த வடிவத்தை விரும்பினார்கள். நின்ற கோலத்தில் ஓர் உருவத்தைச் செதுக்க அது வசதி. பெண்கள் கையில் மலரோ வேட்டைப் பருந்தோ இருக்கும். குதிரையும் வாளும் இல்லாததால் இவை எளிமையானவை என்று தோன்றும். ஆனால் குடும்ப வரலாறு தேடுபவருக்கு ஆண்கள் முத்திரையைவிடப் பெண்கள் முத்திரைதான் பெரும் புதையல். ஆண் தன் தந்தை வழிச் சின்னத்தோடு நின்றுவிடுவார். பெண்ணின் முத்திரையில் பிறந்த வீடும் புகுந்த வீடும் சேர்ந்தே வரும்.

கிளேர் குடும்பத்தின் கடைசிக் கட்டமே இதற்கு உதாரணம். 1314 ஜூன் 24ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பேனக்பர்ன் போரில் அந்த வீட்டின் கடைசி ஆண் வாரிசு, 23 வயது கில்பர்ட் கொல்லப்பட்டார். குலச்சின்னம் தீட்டிய மேலங்கியை அவர் அன்று அணிந்திருக்கவில்லை, அணிந்திருந்தால் பெரும் பணயத்தொகைக்காக எதிரிகள் உயிரோடு பிடித்திருப்பார்கள் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு ஒன்று வருந்துகிறது. அவரது நிலங்கள் மூன்று சகோதரிகளுக்குப் பிரிந்தன. அவர்களில் இளையவர் எலிசபெத், முதலாம் எட்வர்ட் மன்னரின் பேத்தி. 27 வயதுக்குள் மூன்று கணவர்களை இழந்தவர். அதன்பின் மணம் செய்துகொள்ளாமல், முதல் கணவரின் குடும்பப்பெயரோடு எலிசபெத் டி பர்க் என்று, சுமார் 40 ஆண்டுகள் தன் பெருநிலங்களைத் தானே நிர்வகித்தார். அவருடைய முத்திரையில் பிறந்த வீட்டு முகட்டுப் பட்டைகளோடு கணவர் வீட்டுச் சின்னங்களும் இடம்பெற்றன. கேம்பிரிட்ஜில் அவர் ஆதரித்து வளர்த்த கல்லூரிக்குக் கிளேர் என்றே பெயர். அதன் சின்னத்தில் ஒரு பாதி பொன்னிறத்தில் மூன்று சிவப்பு முகட்டுப் பட்டைகள், மறுபாதி டி பர்க் குடும்பத்தின் சிவப்புச் சிலுவை. சுற்றிலும் கறுப்பு விளிம்பு, அதில் பொன்னிறக் கண்ணீர்த் துளிகள். 1140களில் ஒரு குதிரைவீரரின் கேடயத்தில் கணக்கில்லாமல் வரையப்பட்ட பட்டைகள் இன்று அந்தக் கல்லூரியின் வாசலில் இருக்கின்றன.

முத்திரை வைத்திருப்பது பெருங்குடிகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. பேட்டில் மடாலயத்தின் வரலாற்றேட்டில் ஒரு காட்சி வருகிறது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கில்பர்ட் டி பேலியல் என்பவர், மடாலயம் காட்டும் பத்திரங்களில் தன் முன்னோரின் முத்திரை இல்லையே என்று வழக்காடினார். மன்னரின் தலைமை நீதி அதிகாரி ரிச்சர்ட் டி லூசி, ‘உனக்கு முத்திரை இருக்கிறதா?’ என்று கேட்டார். இருக்கிறது என்று பதில் வந்ததும், சில்லறை வீரர்களெல்லாம் முத்திரை வைத்துக்கொள்வது முன்பு வழக்கமில்லையே, அது மன்னர்களுக்கும் பெரியவர்களுக்கும் உரியதாயிற்றே என்று சிரித்தாராம். ஆனால் காலம் லூசியின் பக்கம் நிற்கவில்லை. 1285இல் வந்த எக்ஸிட்டர் சட்டம், விசாரணைக் குழுவில் உட்காரும் பண்ணையாட்களும்கூட முத்திரை வைத்திருக்க வேண்டும் என்றது. நிலம் வாங்கி விற்ற உழவர்களும் நகரத்து வணிகர்களும் அதற்கு முன்பே நட்சத்திரம், மலர், பறவை என்று எளிய உருவங்களோடு அச்சு செய்துகொண்டிருந்தார்கள். பெயர் வெட்டக் காசு இல்லாதவர்களுக்கு ஆயத்த அச்சுகளும் கிடைத்தன. தூங்கும் சிங்கத்தைச் சுற்றி ‘என்னை யாரும் எழுப்ப வேண்டாம்’ என்று எழுதிய அச்சும், அணிலைச் சுற்றி ‘நான் கொட்டை உடைக்கிறேன்’ என்று எழுதியதும் அப்படிப்பட்டவை.

இத்தனையும் எப்படித் தெரியவருகிறது என்பதற்கு இன்றைய ஆய்வுக்கூடங்களும் பதில் சொல்கின்றன. ஊடுகதிர்ப் படம் எடுத்தால் மெழுகுக்குள் நாடா எப்படிப் போகிறது என்பது முத்திரையை உடைக்காமலே தெரிந்துவிடும். பிற்காலத்தில் பிளந்து மீண்டும் ஒட்டிய தடம் இருந்தால் அங்கே வெளிப்படும். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, பொருள் திருப்பி உமிழும் கதிரை அளந்தால் அதிலுள்ள தனிமங்கள் தெரியும். பாதரசம் தென்பட்டால் சிந்தூரச் சிவப்பு, செம்பு தென்பட்டால் களிம்புப் பச்சை. தேய்ந்து மழுங்கிய முத்திரைகளுக்கு வேறொரு முறை உண்டு. கேமராவை அசைக்காமல் வைத்து, விளக்கை மட்டும் பல கோணங்களுக்கு நகர்த்திப் படங்கள் எடுப்பார்கள். நிழல்கள் விழும் விதத்தைக் கணினி சேர்த்துப் பார்த்து, வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை மேலே கொண்டுவந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நெருக்கமான சான்று முத்திரையின் பின்புறத்தில் இருக்கிறது. இளகிய மெழுகை நாடாவின் மேல் அழுத்திப் பிடித்தவரின் விரல்ரேகைகளும் உள்ளங்கைக் கோடுகளும் பல முத்திரைகளில் தெளிவாக நிற்கின்றன. அபெரிஸ்ட்வித், லிங்கன் பல்கலைக்கழகங்களின் வரலாற்றாசிரியர்கள் தடயவியல் நிபுணர்களோடு சேர்ந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பேராலயங்கள், நூலகங்களின் முத்திரைகளில் இந்த ரேகைகளைப் படம்பிடித்து ஒப்பிட்டார்கள். கேள்வி எளிமையானது: மெழுகை அழுத்தியது யார் கை? ஒருவரின் முத்திரைகள் பலவற்றில் ஒரே ரேகை திரும்பத் திரும்ப வந்தால், அது அவர் கையாகவோ அவர் வீட்டு ஊழியர் கையாகவோ இருக்கலாம். தொடர்பே இல்லாத பலரின் முத்திரைகளில் ஒரே ரேகை வந்தால், பத்திரத்தைப் பெற்றுக்கொண்ட மடாலயத்திலேயே ஒருவர் உட்கார்ந்து எல்லோருக்காகவும் மெழுகு பிசைந்திருக்கிறார். குலச்சின்னம் முன்பக்கத்தில் ஒரு கோமானின் பெயரைச் சொல்ல, பின்பக்கத்தில் பெயர் தெரியாத ஓர் எழுத்தரின் கட்டைவிரல் இருக்கிறது.

கையெழுத்து மெல்ல மெல்ல முத்திரையின் இடத்தைப் பிடித்தது. 1677இல் இங்கிலாந்தில் வந்த மோசடித் தடுப்புச் சட்டம் முக்கிய ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்தைக் கேட்டது. ஆனாலும் நிலப் பத்திரம் போன்றவற்றில் தனிநபர் முத்திரை வேண்டும் என்ற விதி பெயரளவிலாவது தொடர்ந்தது. சிவப்புத் தாள்வட்டம் ஒன்றை ஒட்டினாலே போதும் என்ற நிலைக்கு அது வந்துவிட்டிருந்தது. அந்த விதியை நீக்கிய சட்டம் நிறைவேறிய ஆண்டு 1989.

அச்சுகள் இன்றும் மண்ணிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உலோகம் கண்டறியும் கருவியோடு வயல்களில் தேடுபவர்கள் கண்டெடுத்த முத்திரை அச்சுகள் ஆயிரக்கணக்கில் அரசு ஆதரவு பெற்ற பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. வெள்ளியானால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி கட்டாயம் அறிவிக்க வேண்டும். ஈயமும் செம்பும் கண்டெடுத்தவரின் விருப்பத்தில் பதிவாகின்றன. சில அச்சுகள் வேண்டுமென்றே வெட்டியும் மடக்கியும் இருக்கின்றன. உடையவர் இறந்தபின் செல்லாததாக்கியிருக்கிறார்கள். பத்திரத்தில் தொங்கும் பதிவு, நிலத்தின் எல்லையையும் சாட்சிகளின் பெயரையும் ஆண்டையும் தருகிறது. வயலில் கிடைக்கும் அச்சு, அது தொலைந்த இடத்தைத் தருகிறது. விளிம்பில் உள்ள பெயரும் நடுவில் உள்ள உருவமும் இரண்டிலும் பொருந்தும்போது, பிரபுவாகப் பிறக்காத ஓர் உழவர் எந்த ஊரில் எந்த நிலத்தை எப்போது விற்றார், அவர் அச்சு எந்த வயலில் விழுந்தது என்பதுவரை எழுத முடிகிறது.